கப்பலுக்கு ஒரு பெரட்டு

போன வாரம் தர்ஷினி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். கறுப்பு நிறத்தில் ஒரு கைப்பட்டி, அதன் நடுவில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு. கீழே ஒரு குரல் செய்தி.

"அக்கா, இனிமே கப்பல்ல எல்லாருக்கும் இதக் குடுக்கப் போறாங்களாம். யாரு எந்த அறையில நிக்கிறாங்கன்னு நம்ம திரையிலயே தெரிஞ்சிரும். அப்போ பேர் சொல்ல வைக்கிறத விட்டுரலாமான்னு புதுசா வந்த பிள்ளைங்க கேக்குதுங்க. நீங்க ஏன் அதுல அவ்ளோ பிடிவாதமா இருந்தீங்கன்னு எழுதிக் குடுங்களேன். நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க."

தர்ஷினி இப்போது நான் இருந்த நாற்காலியில் இருக்கிறாள். அந்த நாற்காலி கொழும்பிலிருந்து வளைகுடா நாட்டு நகரம் ஒன்றுக்குப் போய்விட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கைகுலுக்கி அனுப்பினார்கள். நாற்பது வயது ஆகுமுன்னே ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊர்க் கஹவத்தை பஸ்சில் இதைச் சொன்னால், "அப்போ சீட் குடுக்கணுமா உங்களுக்கு?" என்று கண்டக்டர் சிரிக்கிறார்.

நான் என்ன வேலை செய்தேன் என்பதை எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விளங்கப்படுத்துவது எப்போதும் சிரமம். கடல் பார்க்கவே மூன்று பஸ் மாற வேண்டிய ஊர் இது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று வேலைகள். கடற்கொள்ளையர் கப்பலில் ஏறாமல் இருக்கச் செய்ய வேண்டிய ஏற்பாடுகளைப் பயணத்துக்கு முன்னமே சரிபார்ப்பது. நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் திருட்டு நடக்காமல் பார்ப்பது. கொள்ளையர் ஏறியேவிட்டால், ஆட்களைத் தொடமுடியாதபடி கப்பலோடு தொடர்பில் இருந்து, உதவி வரும்வரை வழிநடத்துவது. துப்பாக்கி பிடிக்கிற வேலை இல்லை. போன், திரை, வரைபடம், நிறையக் கேள்விகள்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உயர்தரத்தில் கணிதம், இரத்தினபுரியில் தொலைத்தொடர்பு டிப்ளோமா, கொழும்பில் கப்பல் தொடர்பாடல் பயிற்சி. முதல் வேலை காலித் துறைமுகத்தில். கப்பலுக்குக் கப்பல் ஏறி, செய்மதி, அதாவது செயற்கைக்கோள், தொலைபேசி வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். அதன்பிறகு கண்காணிப்பு அறை. தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேச வந்ததால்தான் என்னை எடுத்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. எங்கள் கப்பல்களில் பாதி மாலுமிகள் தூத்துக்குடிப் பக்கம், மீதிப் பேர் நம் நாட்டுத் தென்கரை.

அறையின் தலைவர் ஒரு முன்னாள் கடற்படை அதிகாரி. எல்லோருக்கும் அவர் கமாண்டர் சேர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது பதறிக்கொண்டு ஓடி வந்தால், கையில் இருக்கும் ரம்புட்டான் பழத்தை உரித்து முடிப்பார். "ஹரி," என்பார். சிங்களத்தில் சரி என்று பொருள். பிறகு ஒரே மாதிரி இரண்டு கேள்விகள் கேட்பார், அவருடைய கொச்சைத் தமிழில்: "தெரிஞ்சது என்ன, மிஸ்? நெனைக்கிறது என்ன?" இரண்டையும் கலந்து சொன்னால் ஏற்கமாட்டார். "படகு வருது" என்பது தெரிந்தது. "கொள்ளைக்காரன் வர்றான்" என்பது நினைப்பது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் வீட்டிலும் நான் அதே கேள்வியைக் கேட்கத் தொடங்கியிருந்தேன். "பால் திரிஞ்சிருச்சுன்னு தெரிஞ்சதா, நெனைக்கிறதா?" என்று கேட்டதற்கு அம்மா அகப்பையைத் தூக்கினார்.

என் முதல் வெற்றி ஒரு திருட்டில். அயல்நாட்டுத் துறைமுகம் ஒன்றின் வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல். கயிறு, பெயின்ட் டின், தீயணைப்புக் குழாய்களின் பித்தளை முனைகள் என்று மறைந்துகொண்டே இருந்தன. காவலைக் கூட்டினார்கள், விளக்கைக் கூட்டினார்கள். பயனில்லை. நான் கேட்ட கேள்வி காவலைப் பற்றியது அல்ல. பகலில் கப்பலோடு யார் யார் பேசுகிறார்கள் என்று கேட்டேன். கப்டன் கொஞ்சம் இழுத்து, பிறகு சொன்னார். மீன்காரப் படகுகள் வருமாம். பழைய கயிறும் காலி டின்னும் கொடுத்து மாலுமிகள் மீன் வாங்குவார்களாம். பகலில் வாங்க வருகிறவனுக்கு எது எங்கே இருக்கிறது, யார் எப்போது சாப்பிடப் போகிறான் என்பதெல்லாம் பழகிப்போகும்.

"மீன நிறுத்தச் சொல்றீங்களா? பையனுங்க என்னையத் தின்னுருவானுங்க," என்றார் கப்டன்.

"கயிற நிறுத்தச் சொல்றேன் சேர். மீன காசுக்கு வாங்குங்க, துறைமுகப் படகுகிட்ட."

நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கப்பலில் ஒரு ஆணிகூடப் போகவில்லை. கமாண்டர் சேர் எனக்கு ஒரு பை ரம்புட்டான் கொடுத்தார். அது எங்கள் அறையில் பதக்கத்துக்குச் சமம்.

இனி தர்ஷினி கேட்ட விஷயம்.

ஓர் ஆண்டு கோயில் திருவிழாவுக்கு லீவில் தோட்டத்துக்கு வந்திருந்தேன். விடாமல் மழை. கொடகவெலப் பக்கம் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. கொழும்புக்குப் போக வழியில்லை. எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலேயே வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடு எங்களுக்கு இருந்ததால், மடிக்கணினியோடு இங்கேயே உட்கார்ந்தேன். எங்கள் வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் சிக்னல் வராது. நன்றாக வருவது ஒரே இடத்தில், பிள்ளைக் காம்பராவில். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. மேட்டில், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்துக்கு எதிரே இருக்கிறது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்வமணி அக்கா எனக்கு ஜன்னலோரம் ஒரு மேசை கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"பகல் சாப்பாட்டுக்குப் பொறகு பிள்ளைங்க தூங்கும். கப்பலே கவுந்தாலும் நீங்க சத்தம் போடக்கூடாது."

அப்படித் தூங்கும் நேரத்தில்தான் அழைப்பு வந்தது. எங்கள் பொறுப்பில் இருந்த சரக்குக் கப்பல் ஒன்று, கரையிலிருந்து வெகுதூரத்தில். ஆயுதக் காவலர்கள் ஏறாத பயணம். பின்பக்கம் இரண்டு விரைவுப் படகுகள் தொடர்கின்றன, ஒன்றில் ஏணி தெரிகிறது என்றார் கப்டன். தூத்துக்குடிக்காரர். அனுபவசாலி, கோபக்காரர்.

முறைப்படி போனோம். வேகத்தைக் கூட்டுவது, கப்பலை இடமும் வலமும் வளைத்துப் படகுகளை அலைக்குள் தள்ளுவது, பக்கவாட்டில் தண்ணீரைப் பீய்ச்சுவது, அந்தக் கடலில் ரோந்து போகும் போர்க்கப்பலுக்கு அறிவிப்பது. எல்லாம் நடந்தன. படகுகள் விலகவில்லை. கப்டன் அடுத்த முடிவை எடுத்தார்: இயந்திரத்தை நிறுத்திவிட்டு, எல்லோரும் காப்பறைக்கு.

காப்பறை என்று நான் எழுதுவது, கப்பலின் அடிவயிற்றில் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் ஒளிந்துகொள்ளும் இடம். இந்தக் கப்பலில் அது இயந்திரக் கட்டுப்பாட்டு அறை. உள்ளே தண்ணீர், உணவு, தனி அன்டெனாவோடு ஒரு செய்மதித் தொலைபேசி. கொள்ளையர் மேலே ஏறினாலும் கப்பலை ஓட்ட முடியாது, பிடிக்க ஆள் கிடைக்காது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரே ஒருவன் வெளியே அகப்பட்டாலும் எல்லாம் வீண். அவன் தலையில் துப்பாக்கியை வைத்தால் கதவு திறக்கும். அதனால்தான், எல்லோரும் உள்ளே இருப்பது உறுதியாகும்வரை எந்தப் போர்க்கப்பலும் தன் வீரர்களை மேலே ஏற்றாது.

கப்டன் காப்பறையிலிருந்து கூப்பிட்டார். "எல்லாரும் உள்ள. போர்க்கப்பலுக்குச் சொல்லிருங்க."

"எண்ணினீங்களா சேர்?"

"பேரு கூப்புட்டேன், எல்லாவனும் பதில் சொல்லிட்டான். இதுல என்னம்மா எண்ண வேண்டியிருக்கு?"

உள்ளே அவசர விளக்கு மட்டும்தான். இரண்டு தட்டு அறை. பாதி ஆட்கள் கீழ்த் தட்டில், குழாய்களுக்கு இடையில். முகம் பார்த்து எண்ண முடியாது என்பது எனக்குத் தெரியும். போனை ஒலிபெருக்கியில் போடச் சொல்லிவிட்டு, நானும் பட்டியலைப் பார்த்துப் பேர் கூப்பிட்டேன். ஒவ்வொன்றாக "உள்ளே", "உள்ளே" என்று வந்தது. சமையற்காரர் அந்தோனியின் பேரைச் சொன்னபோதும் வந்தது. ஆனால் பேரை நான் சொல்லி முடிக்கும் முன்னமே வந்தது.

இந்த இடத்தில் எங்கள் தோட்டத்துப் பெரட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் வேலைக்கு முன், களத்தில் எல்லோரும் நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். பிந்தி வந்தால் அரைப் பேர்தான். அதாவது அரை நாள் போய்விடும். அதனால் லயத்திலிருந்து ஓடி வந்துகொண்டிருக்கும் கூட்டாளிக்காக, பக்கத்தில் நிற்பவள் தானே குரல் கொடுத்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகும்போது இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். தனக்காகப் பதில் சொல்கிறவள் சாவகாசமாகச் சொல்வாள். அடுத்தவளுக்காகச் சொல்கிறவள்தான் அவசரப்படுவாள், கூப்பிடுகிறவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டுமே. கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால், கூப்பிடுவதை நிறுத்திவிடுவார். "நான் கூப்புடல. அவங்கவங்க பேர அவங்கவங்களே சொல்லுங்க," என்பார். கூப்பிட்டால் பதில் சொல்ல வாய் தானாக வரும். கூப்பிடாமல், இல்லாத ஒருத்தியின் பேரைச் சொந்தப் பேராகச் சொல்ல லேசில் வராது.

மற்றக் காதில் கமாண்டர் சேர் இணைப்பில் இருந்தார். "சேர், ஒராள் வெளிய இருக்கலாம்," என்றேன்.

"தெரிஞ்சதா, நெனைக்கிறதா?"

"நெனைக்கிறது."

"ஹரி. தெரிஞ்சிக்கங்க."

கப்டனிடம் சொன்னேன். "இன்னொரு சுற்று சேர். இந்தத் தடவை நான் கூப்பிட மாட்டேன். ஒவ்வொருத்தரா சொந்தப் பேரு, வேலை, உள்ளே. அவ்வளவுதான்."

"மேல ஏணிய மாட்டிட்டு இருக்கானுவ. நீங்க பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?"

"கடைசித் தடவை சேர். இது முடிஞ்சாதான் நான் போர்க்கப்பலுக்குச் சொல்லுவேன்."

ஏதோ முணுமுணுத்தார். ஆனால் செய்தார். பேர்கள் வரத் தொடங்கின. மோட்டார் மெக்கானிக், மாலுமிகளின் மேஸ்திரியான போசன், இரண்டாம் பொறியாளர். பிறகு, "முருகேசன். ஒயிலர். உள்ளே." இயந்திரத்துக்கு எண்ணெய் விடுகிறவன். அதோடு பேர்கள் நின்றன. யாரோ இருமினார்.

"இன்னும் ஒரு பேரு வரணும்," என்றேன்.

"சமையல்காரர் எங்கல?" என்று கப்டன் கத்தியது கேட்டது. என் பின்னால் ஒரு குழந்தை புரண்டது. செல்வமணி அக்கா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

முருகேசனின் குரல் வந்தது, உடைந்துபோய். "பின்னாலயேதான் சார் வந்தாரு. அடுப்ப அணைச்சிட்டு வாரேன்னு திரும்பிப் போனாரு. முட்டி வலில்லா அவருக்கு, மெதுவாத்தான் எறங்குவாரு. ட்ரில்லுல பிந்துனா நீங்க கரைக்குப் போற லீவ வெட்டுவீங்க. அதான் எப்பவும் போல நான் சொல்லிட்டேன். வந்துருவாருன்னு நெனச்சேன். அதுக்குள்ள கதவப் பூட்டிட்டாங்க."

இந்தத் தவறை நான் பிறந்ததிலிருந்து அறிவேன். கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லாத தவறு.

கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது கப்டனின் முடிவு. கரையில் இருப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. எல்லோருடைய உயிருக்கும் எதிரே ஒருவருடைய உயிர். கமாண்டர் சேர் மெதுவாகச் சொன்னார். "அவர அவசரப்படுத்தாதீங்க மிஸ். அவருக்குத் தெரியாதது ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சா, அத மட்டும் சொல்லுங்க."

பயணத்துக்கு முன் அந்தக் கப்பலைச் சரிபார்த்தது நான்தான். மனதுக்குள் ஒவ்வொன்றாக ஓட்டினேன். முள்வலை. குழாய்கள். கதவுகள். உள்ளே தண்ணீர். உள்ளே கெமரா திரை. உள்ளே…

"சேர், காப்பறையில உள் போன் இருக்கு. சமையல் கட்டுக்கு லைன் போகும், பட்டறி கரண்டுல வேலை செய்யும்."

"மணி அடிச்சா மேல உள்ளவனுக்கும் கேக்குமே."

"மேல எத்தன பேரு இப்ப? கெமராவுல பாருங்க."

கப்டன் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஏணி மாட்டியிருக்கு, இடப்பக்கம். ஒருத்தன் முள்வலையில சிக்கிட்டு நிக்கான். தளத்துக்கு யாரும் வரல." பிறகு அவர் வேறு குரலில், யாரிடமோ, "அடி," என்றார்.

ஒலிபெருக்கி வழியாக அந்த மணி எனக்கும் கேட்டது. இரண்டாவது மணியில் எடுத்தார்கள்.

"சமையல்," என்றது ஒரு நிதானமான குரல், சாப்பாடு தயாரா என்று கேட்டவருக்குப் பதில் சொல்வதுபோல.

"அண்ணாச்சி, அங்க என்ன செய்யுதீங்க?"

"எண்ணெச் சட்டிய எறக்குதேன் கப்டன். அப்படியே விட்டா கப்பலே எரிஞ்சிரும்லா. எறக்கிட்டேன். எப்படி வரட்டும்?"

வெளித்தளம் வழியாக வரக்கூடாது. சமையல் கட்டுக்குப் பின்னாலிருந்து இயந்திர அறைக்கு இறங்கும் அவசரக் கூண்டு ஒன்று இருந்தது. செங்குத்து ஏணி, அடியில் ஒரு இரும்புக் கதவு. அதன் தாழ்ப்பாள் உள்ளே இருந்துதான் திறக்கும். கப்டன் அதைச் சொன்னார். முட்டி வலிக்காரருக்கு அந்த ஏணி. முருகேசன் தானே போய்க் கதவருகில் நிற்பதாகச் சொன்னான். கப்டன், "சரி, போலே," என்றார்.

அந்தக் காத்திருப்பில் எனக்குச் செய்ய எதுவும் இல்லை. போர்க்கப்பல் மறுபடி கேட்டது: எல்லோரும் உள்ளேயா? இன்னும் இல்லை, காத்திருங்கள் என்றேன். பிள்ளைக் காம்பராவில் இப்போது இரண்டு குழந்தைகள் எழுந்துவிட்டன. செல்வமணி அக்கா ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

இரும்பு உரசும் சத்தம். பல குரல்கள். தாழ்ப்பாள் விழும் ஓசை. கப்டன் மூச்சு வாங்க, "வந்துட்டாரு. சொல்லிருங்க," என்றார்.

"அவரே சொல்லட்டும் சேர்."

இந்த முறை கப்டன் முணுமுணுக்கவில்லை. போன் கைமாறியது.

"அந்தோனி," என்றது அந்தக் குரல், மூச்சிரைத்து, ஆனால் சாவகாசமாக. "சமையல். உள்ள."

போர்க்கப்பலுக்கு அறிவித்தேன்: எல்லோரும் உள்ளே, குரலால் உறுதி. அவர்களுடைய ஹெலிகொப்டர் உடனே கிளம்பியது. அதற்குள் கொள்ளையர் நான்கைந்து பேர் ஏறியிருந்தார்கள். கதவுகளைத் தட்டினார்கள், உதைத்தார்கள், இயந்திரத்தைக் கிளப்பப் பார்த்தார்கள். செத்துப்போன கப்பல், பிடிக்க ஒரு ஆள் இல்லை. ஹெலிகொப்டர் தலைக்கு மேல் வந்ததும் வந்த ஏணியிலேயே இறங்கி ஓடினார்கள். வெயில் சாயுமுன் வீரர்கள் காப்பறைக் கதவைத் தட்டினார்கள்.

கப்பலில் போன பொருள்களின் விவரம் பின்னர் வந்தது. கப்டனின் ஒரு சோடி தோல் சப்பாத்து. ஒரு தொலைநோக்கி. அந்தோனி பொரித்து அடுக்கியிருந்த மீன் முழுவதும்.

"மீன் நல்லா இருந்துருக்கும்," என்றாராம் அந்தோனி. "அவனுவளும் பசியோட வந்தவனுவதானே."

வேலையை முடித்து நான் மேசையில் தலை வைத்தபோது பிள்ளைகளைத் தூக்கிப்போகத் தாய்மார் வந்துகொண்டிருந்தார்கள். செல்வமணி அக்கா பால் விடாத சாயத்தண்ணி கொண்டுவந்து வைத்தார்.

"கப்பல் கவுந்துச்சா?"

"இல்லக்கா."

"அப்போ ஏன் எம் பிள்ளைங்கள எழுப்பினீங்க?" என்று கேட்டுவிட்டு, என் தலையில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனார்.

பாதை திறந்து நான் கொழும்புக்குப் போனபோது கமாண்டர் சேர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ரம்புட்டான் காலம் முடிந்திருந்தது. ஒரு டின் அன்னாசி வைத்திருந்தார். அந்த இரண்டாம் சுற்று எந்தப் பயிற்சியில் இருக்கிறது என்று கேட்டார். பெரட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் உடல் குலுங்கச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஒன்று, எங்கள் பொறுப்பில் உள்ள எல்லாக் கப்பலிலும் இரண்டாம் சுற்று கட்டாயம்: யாரும் கூப்பிடக்கூடாது, அவரவர் பேரை அவரவர் சொல்ல வேண்டும். கப்பல்களில் அதற்குக் கஹவத்தைச் சுற்று என்று பேர் வைத்துவிட்டார்கள். மற்றது நான் கேட்டு வாங்கியது: ட்ரில்லில் பிந்தி வந்தவனுக்குத் தண்டனை கிடையாது. பிந்தினால் லீவு போகும் என்ற பயம் இருக்கும்வரை, நல்ல கூட்டாளி பொய் சொல்லிக்கொண்டேதான் இருப்பான். கப்டன்மார் சிலர் குமுறினார்கள். முதலில் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அந்தத் தூத்துக்குடிக் கப்டன்.

அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை இன்னும் சில கப்பல்கள் காப்பறைக்குப் போயின. ஒருவர்கூட வெளியே விடுபடவில்லை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

ஆகவே தர்ஷினி, கைப்பட்டியை வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல கருவிதான், எனக்கு அன்றைக்குக் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். ஆனால் பட்டி உள்ளே இருப்பது தெரிந்தது. ஆள் உள்ளே இருப்பது நினைப்பது. முருகேசன் மாதிரி ஒரு நல்லவன், முட்டி வலிக்காரக் கூட்டாளியின் பட்டியையும் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவர எவ்வளவு நேரம் ஆகும்? பேரைச் சொல்ல வையுங்கள்.

அந்தோனி அண்ணாச்சி இப்போது கரையில்தான். முட்டிக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். நத்தாருக்கு நத்தார், கிறிஸ்மஸ் அன்று, என்னைப் போனில் கூப்பிடுவார். ஹலோ சொல்வதில்லை. நானும் நலம் விசாரிப்பதில்லை, முதலில்.

"அந்தோனி. சமையல். உள்ள," என்பார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருப்பார், என் முறை வரும்வரை. முதல் வருடம் எனக்குப் புரியவில்லை. இப்போது பழகிவிட்டது. அன்றைக்கு முன்னமே பிள்ளைக் காம்பராவுக்கு ஏறிப்போய், சிக்னல் வரும் அதே ஜன்னலோரம் காத்து நின்று நானும் சொல்வேன்.

"சசிகலா. காவல். உள்ளே."